சுற்றி வரலாமா?

புனேயிலிருந்து சென்னைக்கு வரும் இரவு விமானம். இறக்கைக்குச் சற்றுப் பின்னால், ஜன்னல் ஓர இருக்கை. கூடுதலாகப் பணம் கட்டியாவது அந்த இடத்தைத்தான் வாங்குவேன். மேகம் பார்ப்பதற்காக இல்லை. இறங்கும் நேரத்தில் இறக்கை விரிவதைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். மெக்கானிக்கல் படிக்க ஆசைப்பட்டு, வீட்டில் சொன்னார்களே என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவனுக்கு மிச்சமிருக்கும் சின்னச் சந்தோஷம்.

இறக்கையின் பின்விளிம்பிலிருந்து பலகை மாதிரி ஒன்று மெதுவாக வெளியே வந்து கீழ்நோக்கி வளையும். அதுதான் ஃப்ளாப். அது வரும்போது காலுக்கடியில் ஒரு மோட்டார் முனகும். அந்த முனகலை வைத்தே இறங்க இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு முனகல் பாதியில் நின்றது. இறக்கை விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தேன். பலகை கொஞ்சம்தான் வெளியே வந்திருந்தது. அடுத்த முனகல் வரவே இல்லை.

சில நிமிடங்களில் என்ஜின் உறுமியது. மூக்கு மேலே ஏறியது. கீழே தெரிந்த தெருவிளக்குகள் மறுபடி புள்ளிகளாயின.

பக்கத்தில் ஒரு பெரியவர். மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர். "என்ன தம்பி, இறங்கப்போனான், திரும்ப ஏத்துறான்?" என்றார்.

"கீழ வேற ஃப்ளைட் நின்னிருக்கும் சார்" என்று பொய் சொன்னேன்.

ஐந்து நிமிடம் கழித்து கேப்டன் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசினார். ஃப்ளாப் நாங்கள் கேட்ட அளவுக்கு இறங்கவில்லை. இதற்கென்று ஒரு செக்லிஸ்ட் இருக்கிறது, அதைச் செய்துகொண்டிருக்கிறோம். அரை மணி நேரம் சுற்றுவோம். வழக்கத்தைவிட வேகமாகத் தரையிறங்குவோம். ஓடுபாதை ஓரம் தீயணைப்பு வண்டிகள் நிற்கும், அது நடைமுறை. மளிகைக் கடை ரசீதை வாசிப்பது மாதிரி ஒரே குரலில் சொல்லி முடித்தார். நான் பெரியவருக்குத் தமிழில் சொன்னேன். பொய் சொன்னது பிடிபட்டுவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இறங்கத் தெரியாம சுத்துறானா, தெரிஞ்சு சுத்துறானா?" என்றார்.

"தெரிஞ்சுதான் சார்."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குக் கண் மூடவில்லை. கீழே இருட்டாகக் கடல். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படகு விளக்குகள். நான் விமானத்தைப் பற்றி யோசிக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, அதிகாலை 2.40 மணிக்கு, ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தேன்.

*

முதலில் ஃப்ளாப் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

வயலில் கொக்கு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பறக்கும்போது சிறகு நீண்டு தட்டையாக இருக்கும். காலை ஊன்றப்போகும் நேரத்தில் சிறகை அகல விரித்து வளைத்துக்கொள்ளும். மெதுவாகப் போகும்போது காற்று தாங்குவது குறையும்; அதை ஈடுகட்ட சிறகு பெரிதாகவேண்டும். விமானமும் இதைத்தான் செய்கிறது. இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் தூக்குவிசை கால்வாசி. வேகத்தைக் குறைத்தும் விழாமல் இருக்கவேண்டுமென்றால் இறக்கையின் பரப்பையும் வளைவையும் கூட்டவேண்டும். அதற்குத்தான் ஃப்ளாப்.

அது இறங்காவிட்டால் விமானம் விழுந்துவிடாது. வேகமாக இறங்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' சின்னதில்லை. ஏ320 மாதிரி ஒரு விமானம் சாதாரணமாக 140 நாட் வேகத்தையொட்டி, அதாவது மணிக்கு சுமார் 260 கிலோமீட்டரில், தரையைத் தொடும். ஃப்ளாப்பும், முன்விளிம்பில் இருக்கும் ஸ்லாட்டும் கொஞ்சம்கூட வராவிட்டால் அதோடு இன்னும் 60 நாட் கூட்டிக்கொள்ளவேண்டும். 140 எங்கே, 200 எங்கே. இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கம்தான் என்பதால், பிரேக் தின்று தீர்க்கவேண்டிய ஆற்றல் இரண்டு மடங்காகிறது. டயர் தாங்குமா, பிரேக் தாங்குமா, ஓடுபாதை போதுமா என்று எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் போடவேண்டும். எங்களுக்குப் பாதியாவது இறங்கியிருந்தது. சென்னையின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். அதனால் பிழைப்புக்குப் பஞ்சமில்லை.

இதைவிடச் சிக்கலானது ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் இறங்காமல் போவது. ஒரு இறக்கை அதிகம் தூக்கும், இன்னொன்று குறைவாகத் தூக்கும். விமானம் ஒரு பக்கமாகப் புரளப் பார்க்கும். அதனால் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஃப்ளாப் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். மேற்கொண்டு கெடவிடாமல் கெட்ட இடத்திலேயே நிறுத்திவிடுவது. நல்ல டிசைன்.

இந்த மாதிரி நேரத்தில் விமானிகள் செய்யவேண்டியதை வரிசையாகச் சொன்னால் சலிப்பாக இருக்கும். இறங்குவதை நிறுத்து. மேலே போ. ஒருவர் விமானத்தை மட்டும் ஓட்டட்டும். இன்னொருவர் கையேட்டைத் திறந்து வரி வரியாக வாசிக்கட்டும். கணக்குப் போடு. பிறகு வா. இதில் 'ஏன் கெட்டது' என்ற கேள்வியே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது தரையில் இருப்பவர்களின் வேலை. இஞ்சினியர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டமான பாடம் என்று நினைக்கிறேன். எனக்கு.

*

வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் ஃப்ளாப் கோளாறுகளைப் பற்றித் தேடி வாசித்துக்கொண்டிருந்தேன். அப்படிக் கிடைத்ததுதான் லபக் விபத்து.

2009 ஜனவரி 27, அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம். எம்பயர் ஏர்லைன்ஸின் 8284-ஆம் எண் விமானம். ஃபெடெக்ஸுக்காகப் பார்சல் ஏற்றிப்போகும் ஏடிஆர் 42, இரட்டை டர்போப்ராப். ஃபோர்ட் வொர்த்திலிருந்து லபக் நகரத்துக்குப் போகிறது. பயணிகள் கிடையாது, இரண்டு பேர் மட்டும். கேப்டனுக்கு வயது 52, பறந்த அனுபவம் 13,000 மணி நேரத்துக்கும் மேல். ஃபர்ஸ்ட் ஆபிசர் ஒரு பெண், வயது 26. சுமார் 2,000 மணி நேரம் பறந்தவர். இந்த ரக விமானத்தில் 130 மணி நேரம்தான். அன்று விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தது அவர். கேப்டன் கண்காணிப்பவர்.

அதிகாலை நாலரை மணி. வெளியே உறைபனித் தூறல். அது இறக்கையில் பட்டவுடன் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போது ஃப்ளாப்பை 15 டிகிரிக்கு இறக்கச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் இறங்குகிறது. மறுபக்கம் வரவில்லை.

அந்த நிறுவனத்தின் நடைமுறைப்படி அந்த இடத்திலேயே இறங்குவதை விட்டுவிட்டு மேலே ஏறி, செக்லிஸ்ட்டை எடுத்திருக்கவேண்டும். கேப்டன் டார்ச் லைட்டை எடுத்தார். சர்க்யூட் பிரேக்கர் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று தேடத் தொடங்கினார். இறங்குவது மட்டும் நிற்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்தவரின் கவனமும் கோளாறின் பக்கம் போனது. இறக்கையில் பனி, ஒரு பக்கம் மட்டும் இறங்கிய ஃப்ளாப்; வேகம் குறைந்துகொண்டே வந்தது. கைப்பிடி நடுங்கி எச்சரித்தது. வேகம் போதவில்லை, இறக்கை பிடிமானத்தை இழக்கப்போகிறது என்று அர்த்தம். ஆட்டோபைலட் விலகிக்கொண்டது.

அப்போது அந்தப் பெண் கேட்டார்: சுற்றி வரட்டுமா?

கேப்டன்: வேண்டாம்.

அதன் பிறகு அந்த விமானத்துக்கு மிச்சமிருந்தது ஒரு நிமிடம்கூட இல்லை. கடைசிக் கட்டத்தில் கேப்டன் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதி, சறுக்கிக்கொண்டு போய், ஓரத்தில் நின்று தீப்பிடித்தது. இருவரும் பிழைத்தார்கள். கேப்டனுக்குப் பலத்த காயம்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011-இல் அறிக்கை வெளியிட்டது. விபத்துக்குக் காரணம் ஃப்ளாப் இல்லை என்கிறது அது. தேவையான வேகத்தைக் கவனிக்காமலும் காப்பாற்றாமலும் போனதுதான் காரணம். அந்தப் பனியோடும் அந்தக் கோணல் ஃப்ளாப்போடும்கூட, வேகம் இருந்திருந்தால் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடிந்திருக்கும். நடைமுறையைப் பின்பற்றாதது, சரியான நிலையில் இல்லாத இறக்கத்தைத் தொடர்ந்தது, இருவருக்குள் ஒருங்கிணைப்பு இல்லாதது, அந்த நேரத்தின் அசதியும் சேர்ந்துபோன தூக்கக் கடனும் – இவை துணைக் காரணங்கள்.

அந்தக் கேள்வியைப் பற்றியும் அறிக்கை பேசுகிறது. இறக்கம் சரியில்லை என்று தெரிந்தும் ஃபர்ஸ்ட் ஆபிசர் தானாகவே ஏன் விமானத்தை மேலே ஏற்றவில்லை? காக்பிட்டுக்குள் அதிகாரத்தின் ஏற்றத்தாழ்வு செங்குத்தாக இருந்தது. அழுத்திச் சொல்வதற்கு அவருக்குக் கிடைத்த பயிற்சி மிகக் குறைவு. கேப்டன் அவர் கேள்வியைச் சட்டென்று தள்ளிவிட்டது அதற்கு மேல் பேசவிடாமல் செய்திருக்கலாம் என்கிறார்கள்.

இதைப் படித்தபோது மணி மூன்று இருக்கும். லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு திறந்து அதே பத்தியைத் திரும்ப வாசித்தேன்.

*

ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த கம்பெனி, டெலிவரி செய்யும் பையன்களுக்கு வாராவாரம் பணம் போடும் சாஃப்ட்வேரை எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதுக்கு எல்லாக் கணக்குகளையும் மாற்றவேண்டும். ஒரு சனிக்கிழமை ராத்திரி வைத்துக்கொண்டோம். நான்தான் லீட். கூட ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். மானிட்டரிங் அவள் பொறுப்பு. ஆளுக்கொரு வீட்டிலிருந்து காலில் இருந்தோம்.

இரண்டரை மணிக்கு மைக்ரேஷன் பாதியில் நின்றது. கொஞ்சம் கணக்குகள் புதிய பக்கம் போய்விட்டன, மீதி பழைய பக்கமே இருந்தன. ஒரு பக்கம் இறங்கி, ஒரு பக்கம் இறங்காத நிலை. ரோல்பேக் செய்ய ஸ்க்ரிப்ட் தயாராக இருந்தது. இருபது நிமிட வேலை. எல்லாம் பழையபடி ஆகிவிடும், அடுத்த சனிக்கிழமை திரும்ப முயற்சி செய்யலாம்.

2.40-க்கு அவள் கேட்டாள்: "அண்ணா, ரோல்பேக் பண்ணிடலாமா?"

"வேணாம்மா, இரு. என்னன்னு பாத்துடுறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னேன். இன்றும் நினைவிருக்கிறது, அந்த 'ம்மா'வை இழுத்துத்தான் சொன்னேன். பிறகு லாக் ஃபைலுக்குள் இறங்கினேன். என் டார்ச் லைட் அதுதான். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்ற நம்பிக்கை. கண்டுபிடிக்கவும் செய்தேன், 4.20-க்கு. ஒரு கான்ஃபிக் ஃபைலில் டைம்-அவுட் 30 நொடி என்று இருந்தது, 300 இருந்திருக்கவேண்டும். நாற்காலியில் சாய்ந்து கையைத் தூக்கி நெட்டி முறித்தேன். ஜெயித்துவிட்ட மாதிரி.

ஆனால் நாலு மணிக்கு பேட்ச் ஜாப் ஓடியிருந்தது. அந்த வாரத்துக்கான பணப் பட்டுவாடாக் கோப்பு பேங்குக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் இருந்த சிலருக்கு இரண்டு தடவை பணம் போனது. எந்தப் பக்கமும் ஒழுங்காக இல்லாதவர்களுக்குப் போகவில்லை. ஆயிரம் பேருக்கு மேல். எல்லாவற்றையும் சரிசெய்ய நாலு நாள் ஆனது. இரண்டாவது நாள் கஸ்டமர் சப்போர்ட்டிலிருந்து சில கால் ரெக்கார்டிங் அனுப்பியிருந்தார்கள். ஒன்றில் ஒருவர் சண்டை போடவே இல்லை. "சார், ரூம் வாடகை இன்னிக்குக் குடுக்கணும். ஓனர்கிட்ட காட்ட ஒரு லெட்டர் மாதிரி ஏதாவது குடுக்க முடியுமா?" என்று மட்டும் கேட்கிறார். இரண்டு தடவை பணம் வந்தவர்களிடம் அடுத்த வாரம் பிடித்தோம். அவர்கள் அதற்குள் செலவழித்திருந்தார்கள். அவர்கள் பாடும் கஷ்டம்தான்.

புதன்கிழமை போஸ்ட்மார்ட்டம் மீட்டிங். அறிக்கையை நான்தான் எழுதினேன். 'உரிய நேரத்தில் ரோல்பேக் செய்யப்படவில்லை' என்று எழுதியிருந்தேன். செயப்பாட்டுவினையின் அருமை அன்றுதான் தெரிந்தது. யார் செய்யவில்லை என்று அந்த வாக்கியத்தைக் கேட்கவே முடியாது.

மேனேஜர் அறிக்கையைப் படித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "மானிட்டரிங் நீதானே? நீ ஏன்மா எஸ்கலேட் பண்ணல?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

மூன்று நொடி இருக்கலாம். அந்த மூன்று நொடியில் 'அவ கேட்டா, நான்தான் வேணாம்னு சொன்னேன்' என்று சொல்லியிருக்கலாம். ஐந்தாறு வார்த்தை. சொல்லவில்லை.

"கேட்டிருக்கணும் சார்" என்றாள் அவள்.

எட்டு மாதம் கழித்து வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். கடைசி நாள் எல்லோருக்கும் கேக் கொடுத்தாள். எனக்கும்.

*

அன்றைய கால் ரெக்கார்ட் ஆகவில்லை. சாட்டில் கேட்டிருந்தாலாவது நேரத்தோடு பதிவாகியிருக்கும். காக்பிட்டில் குரல் பதிவுக் கருவி இருக்கிறது. டெக்ஸாஸில் அந்தப் பெண் கேட்டது காற்றோடு போகவில்லை. அரசாங்க அறிக்கையில் நொடிக் கணக்கோடு இருக்கிறது. அவர் கேட்டார், அவர் மறுத்தார். யாரும் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

சில நாள் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் ஊர் பழக்கம் இது, மொழியிலேயே இருக்கிறது. அண்ணா என்று கூப்பிட்ட பிறகு எப்படி எதிர்த்துச் சொல்வாள்? 'பண்ணலாமா' என்று கேட்பதுதான் மரியாதை; 'பண்ணணும்' என்றால் திமிர். வசதியான விளக்கம். ஆனால் லபக் அதைக் கெடுத்துவிட்டது. அந்த இருவரும் ஆங்கிலத்தில் பேசியவர்கள். அண்ணா கிடையாது, நீ-நீங்க கிடையாது. அப்படியும் அந்தப் பெண்ணின் வாயில் வந்தது கேள்விதான். 2,000 மணி நேரம் உள்ளவர் 13,000 மணி நேரம் உள்ளவரிடம் பேசினால் எந்த மொழியிலும் வாக்கியத்தின் கடைசியில் கேள்விக்குறி முளைத்துவிடும் போல. உறவுப் பெயர் அதை மென்மையாக்குகிறது, அவ்வளவுதான். என் 'ம்மா' செய்தது அதே வேலையைத்தான். அது கதவை மெதுவாகச் சாத்தியது. மெதுவாகச் சாத்தினாலும் சாத்தியது சாத்தியதுதான்.

சுற்றி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 1978 டிசம்பர் 28, ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட். யுனைடெட் 173, டிசி-8 விமானம், 189 பேர். சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டியதா என்று சந்தேகம். கேப்டன் நிதானமாகச் சுமார் ஒரு மணி நேரம் சுற்றினார். பயணிகளைத் தயார்படுத்தினார், எல்லாவற்றையும் சரிபார்த்தார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. கூட இருந்த இருவரும் அதைச் சொன்னார்கள். ஆனால் தகவலாகச் சொன்னார்கள், இவ்வளவுதான் மிச்சம் இருக்கிறது என்கிற மாதிரி. 'இப்போதே இறங்கியாகவேண்டும்' என்று யாரும் சொல்லவில்லை. என்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஓடுபாதைக்குச் சில மைல் முன்னால் விழுந்தது. இறந்தவர்கள் 10 பேர், எரிபொருளைக் கவனித்துவந்த ஃப்ளைட் இஞ்சினியரும் அதில் ஒருவர்.

கேப்டன் மற்றவர்களின் எச்சரிக்கைக்குச் சரியாக எதிர்வினை செய்யவில்லை, மற்றவர்களும் தங்கள் கவலையை அவருக்கு உறைக்கும்படி சொல்லவில்லை என்று இரண்டையும் எழுதியது விசாரணை அறிக்கை. விமானிகளுக்கு ஒருவரோடொருவர் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்று கற்றுத்தரும் பயிற்சி அதற்குப் பிறகுதான் வேர்பிடித்தது. அப்படியிருந்தும் முப்பது வருடம் கழித்து லபக். அதன் அறிக்கையும் பரிந்துரைத்தது இதைத்தான்: ஃபர்ஸ்ட் ஆபிசர்களுக்கு அழுத்திச் சொல்வதை நடித்துப் பழக்குங்கள், கேப்டன்களுக்கு அப்படிச் சொல்ல இடம் கொடுக்கும் தலைமையைப் பழக்குங்கள். இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நம் ஆபிஸ்களில் ஜூனியர்களைப் பார்த்து 'ஸ்பீக் அப்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். சீனியர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்த ஒரு ட்ரெய்னிங்கூட நான் பார்த்ததில்லை.

பல விமான நிறுவனங்களில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. இறங்கும்போது இருவரில் யார் 'கோ-அரவுண்ட்' என்று சொன்னாலும் ஓட்டுபவர் மேலே ஏறியாகவேண்டும். ஏன் என்ற விவாதம் மேலே போன பிறகு. அப்படி ஏறியதற்காக யாரையும் குறை சொல்லக்கூடாது. இப்போது என் டீமில் ரிலீஸ் ராத்திரிகளில் இதையே வைத்திருக்கிறேன். யார் 'ரோல்பேக்' என்று சாட்டில் ஒரு வார்த்தை தட்டினாலும் முதலில் ரோல்பேக், பிறகு பேச்சு. போன வருடம் இரண்டு தடவை நடந்தது. ஒரு தடவை தேவையே இருந்திருக்கவில்லை. அடுத்த வாரம் திரும்பச் செய்தோம். ஒரு வாரம் தாமதமானதில் யாருக்கும் வாடகை நிற்கவில்லை.

*

எங்கள் விமானம் சரியாக 35 நிமிடம் சுற்றியது. சக்கரம் தரையைத் தொட்டபோது வேகம் ஜன்னலில் தெரிந்தது. விளக்குகள் கோடுகளாக ஓடின. பிரேக் பிடித்ததில் முன் இருக்கையின் கண்ணி ஒன்று கழன்று விழுந்தது. ஓடுபாதையின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டு நின்றது. சிவப்பு விளக்கு வண்டிகள் இரண்டு பக்கமும் கூடவே வந்தன. சிலர் கைதட்டினார்கள். பெரியவர் கண்ணைத் திறந்து, "வந்தாச்சா?" என்றார். எழுந்து மேலேயிருந்து தன் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார்.

வெளியே போகும்போது காக்பிட் கதவு திறந்திருந்தது. கேப்டன் நரைத்த தலை. பக்கத்தில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து இருந்தால் அதிகம். பெரிய புத்தகம் ஒன்று அவன் மடியில் இன்னும் திறந்து கிடந்தது. மேலே ஏறலாம் என்று முதலில் சொன்னது இருவரில் யார் என்று கேட்கத் தோன்றியது. பின்னால் வரிசை நின்றதால் நகர்ந்துவிட்டேன்.

லபக் அறிக்கையைப் படித்த அந்த வாரமே அவளுக்கு எழுதினேன். ஐந்து வருடத்தில் முதல் தடவை. அன்றைக்கு நீ ரோல்பேக் கேட்டாய், நான்தான் வேண்டாம் என்றேன். மீட்டிங்கில் அதைச் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை, மன்னித்துவிடு. அடித்து அடித்துத் திருத்தி, கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது. பழைய மேனேஜருக்கும் அதையே மெயிலாக அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

அவள் இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாவது நாள் வந்தது.

"தேங்க்ஸ்ணா. ஆனா ஒரு தடவை இல்ல, மூணு தடவை கேட்டேன். ரோல்பேக் பண்ணலாமான்னு கேட்டேன். மூணு மணி வாக்குல பேட்ச் ஜாபை ஹோல்ட் பண்ணட்டுமான்னு கேட்டேன், இரும்மான்னீங்க. 3.50-க்கு, அண்ணா நாலு மணி ஆகப்போகுதுன்னு சொன்னேன். நீங்க 'ம்' னு சொன்னீங்க."

முதல் கேள்வி எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. மற்ற இரண்டும், எவ்வளவு யோசித்தாலும், ஞாபகத்தில் இல்லை. அந்த 'ம்' கூட.